பட்டரை எப்படிப் பிடிப்பது: முதலில் எந்தக் கை கெடுக்கிறது என்று பாருங்கள்

கோல்ஃபில் மற்ற மட்டைகளைப் பிடிப்பது பற்றிப் பெரிய வாதம் கிடையாது. இரண்டு மூன்று வகைக்குள் எல்லாரும் அடங்கிவிடுவார்கள். குழி இருக்கும் ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனுக்கு வந்து, பந்தை உருட்டும் மட்டையான பட்டரை எடுத்ததும்தான் ஆளாளுக்கு ஒரு வழி. ஒருவர் இடக்கையைக் கீழே இறக்கிப் பிடிக்கிறார். இன்னொருவரின் வலக்கை பென்சில் பிடித்ததுபோல் இருக்கிறது. மூன்றாமவர் மட்டையை முன்கையோடு ஒட்டவைத்துக்கொள்கிறார். இவர்களில் ஒவ்வொரு வகையினரும் மேஜர் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளில் சிலவற்றை வென்றிருக்கிறார்கள். ஆகவே எது சிறந்த பிடி என்று கேட்டுப் பயனில்லை. என் பட், அதாவது பட்டரால் அடிக்கும் அடி, எந்த இடத்தில் கெடுகிறது, அந்தக் கெடுதலை எந்தப் பிடி தடுக்கும் என்று கேட்டால் ஓரளவு தெளிவான பதில் கிடைக்கும்.

கீழே சொல்வதெல்லாம் வலக்கை ஆட்டக்காரர்களை மனதில் வைத்துச் சொல்வது. இடக்கைக்காரர்கள் கைகளை மாற்றிப் படித்துக்கொள்ளவும்.

குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். நடுவிலிருந்து விளிம்புவரை 54. மூன்று மீட்டர் தூரத்தில் நிற்கிறீர்கள், தரை மட்டமாக இருக்கிறது, பந்து ஒரே ஒரு டிகிரி விலகிக் கிளம்புகிறது என்று வையுங்கள். குழியை எட்டும்போது அது 52 மில்லிமீட்டர் தள்ளிப் போயிருக்கும். மெதுவாக வந்தால் விளிம்பில் தொற்றி விழலாம். கொஞ்சம் வேகமாக வந்தால் சுற்றிக்கொண்டு வெளியே போய்விடும். பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அடிபடும் கணத்தில் பட்டரின் முகம் (பந்தில் படும் தட்டையான பக்கம்) எங்கே பார்க்கிறது என்பதுதான். மட்டை வந்த பாதையின் பங்கு அதைவிட மிகக் குறைவு. ஆகப் பிடியின் முதல் வேலை முகத்தைத் திரும்பவிடாமல் வைத்திருப்பது.

இரண்டாவது வேலை வேகம். பன்னிரண்டு மீட்டர் பட்டில் திசை அரை அடி தவறினாலும் பிழைத்துக்கொள்ளலாம். வேகம் தவறினால் இரண்டு மீட்டர் மிச்சம் நிற்கும். சிக்கல் இங்கேதான். முகம் அசையாமல் இருக்க மணிக்கட்டும் விரல்களும் அடங்கிக் கிடக்க வேண்டும். வேகத்தை உணர அதே மணிக்கட்டும் விரல்களும் உயிரோடு இருக்க வேண்டும். எந்தப் பிடியாலும் இரண்டையும் முழுமையாகத் தர முடியாது. ஒன்றில் கூட்டினால் மற்றொன்றில் குறையும். எந்தப் பிடியை எடுத்தாலும் இந்தக் கணக்கை மனதில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

வழக்கமான பிடி

ரிவர்ஸ் ஓவர்லாப் என்று சொல்வார்கள். இடக்கை மேலே, வலக்கை கீழே. இரண்டு கட்டைவிரலும் கிரிப்பின் (மட்டையின் கைப்பிடி உறை) தட்டையான முன்பக்கத்தில் நேராகக் கீழ்நோக்கி இருக்கும். இடக்கையின் ஆட்காட்டி விரல் மட்டும் மட்டையை விட்டு வெளியே வந்து வலக்கை விரல்களின்மேல் படியும். தொலைதூர அடிக்கான டிரைவர் மட்டையைப் பிடிக்கும்போது விரல்களின் நடுவில் ஓடும் மட்டை, இங்கே உள்ளங்கைக்குள் கொஞ்சம் ஏறி, முன்கையோடு ஏறக்குறைய ஒரே கோட்டில் வந்துவிடும். அந்த ஒரு மாற்றத்தாலேயே மணிக்கட்டின் ஆட்டம் பாதி அடங்கிவிடுகிறது.

இதன் பலம் வலக்கையின் உணர்வு. எறிவதற்கும் எழுதுவதற்கும் பழகிய கை கீழே இருப்பதால் தூரத்தை அதுவே அளந்து தருகிறது. டைகர் உட்ஸ் வலக்கையால் மட்டும் பட் செய்து பயிற்சி எடுப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். மெல்லிய கிரிப், இந்தப் பழைய பிடி, வலக்கையின் உணர்வு ஆகியவற்றை நம்பித்தான் அவர் ஆடினார். வலக்கைதான் எல்லாக் கேட்டுக்கும் காரணம் என்று சிலர் பேசும்போது எனக்கு அவருடைய அந்தப் பயிற்சிதான் நினைவுக்கு வரும். கை கெட்டதல்ல. பதற்றத்தில் அது அவசரப்படுகிறது, அவ்வளவே.

அவசரப்படும்போது நடப்பது இது: பந்தை நெருங்கும் நேரத்தில் வலக்கை முந்திக்கொள்கிறது, இட மணிக்கட்டு புறங்கைப் பக்கம் மடிகிறது, முகம் மூடுகிறது (இடப்பக்கம் திரும்புகிறது), பந்து இடப்பக்கம் போகிறது. இரண்டு மூன்று முறை இப்படிப் போனதும் அடுத்த பட்டில் பயந்து முகத்தைத் திறந்தே வைத்திருப்போம். அது வலப்பக்கம் போகும். இப்படி இரண்டு பக்கமும் தவறத் தொடங்கும்போதுதான் பலர் பட்டரை மாற்றக் கடைக்குப் போகிறார்கள். மாற்ற வேண்டியது பெரும்பாலும் பிடிதான்.

இடக்கை கீழே

கைகளின் இடத்தை மாற்றுங்கள். வலக்கை மேலே, இடக்கை கீழே. மற்றவை ஏறக்குறைய அப்படியே. இட மணிக்கட்டு, இட முன்கை, மட்டையின் தண்டு மூன்றும் ஒரு கோடாகிவிடும். மணிக்கட்டு மடிய முயன்றால் அந்தக் கோடு உடைவது உடனே தெரியும். வலக்கை மேலே போய்விட்டதால் அதனால் தள்ளிவிடவும் எளிதில் முடியாது.

இன்னொரு பலனும் உண்டு. அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. வழக்கமான பிடியில் வலக்கை தாழ்ந்திருப்பதால் வலத்தோளும் தாழ்கிறது. சிலருக்குத் தோள்களின் கோடே குறிக்கு இடப்பக்கமோ வலப்பக்கமோ திரும்பிவிடும். இடக்கையைக் கீழே கொண்டுவந்ததும் தோள்கள் சமமாகின்றன. தோள்களை மேலும் கீழுமாக அசைத்து பட் செய்யச் சொல்லிப் பயிற்சியாளர்கள் மன்றாடுவது இந்தப் பிடியில் பாதி தானாகவே வந்துவிடும்.

ஜிம் ஃப்யூரிக் சிறுவயதிலிருந்தே இப்படித்தான் பிடித்தார், 2003 யூஎஸ் ஓப்பனை வென்றார். ஜோர்டன் ஸ்பீத் 2015இல் மாஸ்டர்ஸையும் யூஎஸ் ஓப்பனையும் இந்தப் பிடியோடு வென்றார். சாண்டர் ஷாஃப்லே 2024இல் பிஜிஏ சாம்பியன்ஷிப், தி ஓப்பன் இரண்டையும் எடுத்தபோதும் அவருடைய இடக்கை கீழேதான் இருந்தது.

குறை என்று வழக்கமாகச் சொல்லப்படுவது தூரம். நீண்ட பட்டுகள் குறைந்து நிற்கும், அல்லது ஓடிவிடும் என்பார்கள். இதை நான் பாதிதான் ஏற்பேன். ஸ்பீத் போட்ட நீண்ட பட்டுகளைப் பார்த்த எவரும் இந்தப் பிடியில் தூர உணர்வே வராது என்று சொல்ல மாட்டார்கள். குறை பிடியில் பாதி, புதுமையில் பாதி. வாழ்நாள் முழுக்க வலக்கையால் தூரத்தை அளந்தவர் திடீரென்று இடக்கையை நம்பச் சொன்னால் அளவு தப்பத்தான் செய்யும். பழகினால் பெரும்பகுதி திரும்பி வரும். மெதுவான கிரீனில், ஏற்றத்தில், பந்தைச் சற்றுத் தட்டி அனுப்ப வேண்டிய இடத்தில் மட்டும் வழக்கமான பிடியின் சௌகரியம் எப்போதும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் என்பது என் கருத்து.

கிளா பிடி

பார்க்க விநோதமாக இருப்பதால் பலர் இதை முயன்றுகூடப் பார்ப்பதில்லை. இடக்கை வழக்கம்போல் மேலே, உறுதியாக. வலக்கை மட்டும் திரும்பிக்கொள்கிறது. உள்ளங்கை உங்கள் தொடைப்பக்கம் பார்க்கும். தண்டு வலக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் உட்காரும். மற்ற விரல்கள் தண்டின்மேல் மெல்லப் படிந்திருக்கும், அல்லது தொங்கும். இதிலேயே கிளைகள் உண்டு. விரல் நுனிகளால் பென்சில்போல் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். மார்க் ஓமேரா விரல்களைத் தண்டின் மேலே தட்டையாகப் படிய வைத்தார். அதற்கு ரம்பப் பிடி என்று பெயர் வந்தது. காலின் மொரிகாவா 2021இல் அவரிடம் பேசிய பிறகு அதற்கு மாறி, அதே ஆண்டு தி ஓப்பனை வென்றார்.

இது வேலை செய்வதன் காரணம் எளிது. வழக்கமான பிடியில் வல மணிக்கட்டு மடியும் திசையும் முகம் மூடும் திசையும் ஒத்துப்போகின்றன. அதனால்தான் ஒரு சின்னத் துடிப்பும் நேராக முகத்தில் போய் விழுகிறது. கையைத் திருப்பி வைத்ததும் மணிக்கட்டின் மடிப்பு வேறு திசைக்குப் போய்விடுகிறது. கை துடித்தாலும் முகம் அதிகம் அசையாது. வலக்கையின் வேலை முன்னே தள்ளுவது மட்டும்.

யிப்ஸ் உள்ளவர்கள் இங்கே வருவதற்குக் காரணம் இதுதான். யிப்ஸ் என்றால் வெறும் பதற்றம் என்று நினைப்பவர்கள் அதை அனுபவித்ததில்லை. குட்டை பட்டில், பந்தைத் தொடும் கணத்தில், கை தன்னிச்சையாக வெட்டி இழுக்கும். சிலருக்கு அது நரம்பியல் சார்ந்தது என்று மருத்துவர்களே சொல்கிறார்கள். பயப்படாதே என்ற அறிவுரையால் அது போகாது. மூளைக்குப் பழகிய அசைவைக் கொடுக்காமல் வேறொன்றைக் கொடுத்தால் சிலருக்கு அடங்குகிறது. பெர்ன்ஹார்ட் லாங்கர் தன் ஆட்ட வாழ்க்கையில் திரும்பத் திரும்ப யிப்ஸில் சிக்கி, ஒவ்வொரு முறையும் பிடியை மாற்றி மீண்டு வந்தவர். 1985, 1993 இரண்டு ஆண்டுகளிலும் மாஸ்டர்ஸ் வென்றவர் அவர்.

கிளா பிடியைப் பரவலாகத் தெரியவைத்தவர் கிறிஸ் டிமார்கோ. 2005 மாஸ்டர்ஸில் உட்ஸோடு சமநிலையில் முடித்து, பிளேஆஃப் எனும் கூடுதல் ஆட்டம் வரை போய்த் தோற்றார். செர்ஜியோ கார்சியா 2017 மாஸ்டர்ஸை இந்தப் பிடியோடு வென்றார். ஜஸ்டின் ரோஸ், டாமி ஃப்ளீட்வுட் இருவரும் இதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் எனக்கு மிகவும் பாடமாகத் தெரிவது ஸ்காட்டி ஷெஃப்லர் செய்தது. 2024இல் மாஸ்டர்ஸ் உட்பட வரிசையாக வென்று உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தவர், அந்த ஆண்டின் கடைசியில் கிளா பிடிக்கு மாறினார். 2025இல் பிஜிஏ சாம்பியன்ஷிப்பையும் தி ஓப்பனையும் அதோடு வென்றார். நீண்ட பட்டுகளுக்கு மட்டும் அவர் பழைய பிடிக்கே திரும்புகிறார்.

அவர் அப்படித் திரும்புவதிலேயே இந்தப் பிடியின் குறை தெரிகிறது. வலக்கையைச் செயலிழக்கச் செய்தால் அது தரும் தூர உணர்வும் போகிறது. பதினைந்து மீட்டரில், ஏற்றத்தில், இரண்டு விரலால் தொட்டுக்கொண்டு பந்தை அனுப்ப முயன்றால் பாதி வழியில் நின்றுவிடும். இடக்கைக்கு இங்கே வேலை அதிகம் என்பதையும் மறக்கக் கூடாது. மேலே இருக்கும் இடக்கை தளர்ந்தால் கிளா பிடி வெறும் வேடம்தான்.

முன்கைப் பூட்டும் நீளப் பட்டரும்

ஆர்ம்லாக் என்பதில் பட்டரின் கிரிப் இட முன்கையின் உள்பக்கத்தோடு ஒட்டி ஏறி நிற்கும். மணிக்கட்டு மடிய இடமே இல்லை. மாட் கூச்சர் நெடுநாள் இப்படி ஆடினார். பிரைசன் டிஷாம்போ 2020 யூஎஸ் ஓப்பனை இதைக்கொண்டு ஆறு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றார். முகத்தை அசையாமல் வைப்பதில் இதற்கு நிகர் இல்லை என்றே சொல்லலாம்.

ஆனால் இதற்கு வீட்டில் இருக்கும் பட்டர் உதவாது. சாதாரண பட்டர் 33 முதல் 35 அங்குல நீளம். ஆர்ம்லாக்குக்கு 40க்கு மேல் வேண்டும். தண்டு குழிப்பக்கம் சாய்ந்தே நிற்பதால் முகத்தின் லாஃப்டும் (முகம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) கூடுதலாக இருக்க வேண்டும். வழக்கமான மூன்று நான்கு டிகிரி லாஃப்டை அப்படிச் சாய்த்தால் பந்து தரையில் அமுங்கித் துள்ளும். பழைய பட்டரைக் கொஞ்சம் கீழே பிடித்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு "எனக்கு ஒத்துவரவில்லை" என்று சொல்வது சோதனையே ஆகாது. புது மட்டை, அளவெடுத்துச் சரிசெய்வது, தோளால் மட்டுமே தூரத்தை அளக்கக் கற்பது என்று செலவும் உழைப்பும் கூடுதல். மேலே சொன்ன இரண்டும் தோற்ற பிறகே இங்கே வரச் சொல்வேன்.

நீளப் பட்டர் விஷயத்தில் ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்திவிடலாம். 2011 பிஜிஏ சாம்பியன்ஷிப் முதல் 2013 மாஸ்டர்ஸ் வரை நடந்த ஆறு மேஜர்களில் நான்கை, உடம்பில் ஊன்றிய பட்டரோடு ஆடியவர்கள் வென்றார்கள்: கீகன் பிராட்லி, வெப் சிம்சன், எர்னி எல்ஸ், ஆடம் ஸ்காட். விதி மாறியது. 2016 ஜனவரி 1 முதல் மட்டையையோ அதைப் பிடித்த கையையோ வயிற்றிலோ மார்பிலோ தாடையிலோ ஊன்றி அடிக்கக் கூடாது. முன்கையை உடம்போடு அழுத்தி அதை ஒரு ஊன்றுகோலாக்குவதும் கூடாது. மீறினால் ஸ்ட்ரோக் பிளேயில் (அடிகளை எண்ணி ஆடும் முறை) இரண்டு ஸ்ட்ரோக் அபராதம். மட்டை கைமீதோ முன்கைமீதோ ஒட்டியிருப்பதற்கு மட்டும் விதியிலேயே விலக்கு உண்டு. ஆர்ம்லாக் பிழைத்தது அதனால்தான். நீளப் பட்டர் தடைசெய்யப்படவில்லை. மேல் கையை மார்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு தாராளமாக ஆடலாம். ஸ்காட் இன்றும் அப்படித்தான் ஆடுகிறார். யிப்ஸோடு பல ஆண்டுகள் போராடிய லூகஸ் குளோவர் 2023இல் நீளப் பட்டருக்கு மாறி, அடுத்தடுத்த இரண்டு வாரங்களில் பிஜிஏ டூர் என்ற அமெரிக்கத் தொழில்முறைத் தொடரில் இரண்டு போட்டிகளை வென்றார். குனிந்தால் முதுகு வலிப்பவர்களுக்கும் இது நல்ல வழி.

இரண்டு உள்ளங்கையும் கும்பிடுவதுபோல் எதிரெதிரே வைத்துப் பிடிக்கும் முறையும் இருக்கிறது. தோள்களைச் சமமாக்கும், தடிமனான கிரிப் தேவை. இடக்கைக் கீழ்ப்பிடி தருவதையே இதுவும் கொஞ்சம் குறைவாகத் தருகிறது. அதற்குமேல் இதில் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

எப்படி முடிவெடுப்பது

முதலில் தவறுகளைப் பாருங்கள். ஒன்றரை மீட்டரில், தரை மட்டமான இடத்தில், பந்துக்கு முன்னால் அரை மீட்டரில் இரண்டு டீக்களை (பந்தை ஏற்றி வைக்கும் சிறு குச்சிகள்) குத்தி, பந்து நுழைய மட்டும் இடம் விடுங்கள். இருபது பந்து அடியுங்கள். குழியில் விழுந்ததா என்று எண்ணாதீர்கள். எந்த டீயில் எத்தனை முறை பட்டது என்று எண்ணுங்கள். இடப்பக்க டீயிலேயே பட்டால் வலக்கை முந்துகிறது. இரண்டிலும் மாறி மாறிப் பட்டால் மணிக்கட்டுகள் தம் இஷ்டத்துக்கு ஆடுகின்றன. எதிலும் படாமல் நுழைந்த பின்னும் குழியில் விழவில்லையென்றால் சிக்கல் பிடியில் இல்லை. குறிபார்ப்பதிலோ கிரீனின் சரிவை வாசிப்பதிலோ இருக்கிறது. அதற்குப் பிடியை மாற்றுவது வீண்.

அடுத்து ஒற்றைக் கையால் அடியுங்கள், ஒவ்வொரு கையாலும் தனித்தனியாக. வலக்கை மட்டும் நன்றாக அடிக்கிறது, இரண்டும் சேர்ந்தால் கெடுகிறது என்றால் வழக்கமான பிடியிலேயே இருந்து இடக்கையின் அழுத்தத்தைக் குறைத்துப் பாருங்கள். இடக்கை நேராக அனுப்புகிறது, வலக்கை தடுமாறுகிறது என்றால் இடக்கையைக் கீழே வைக்க வேண்டியவர் நீங்கள். வலக்கை குட்டை தூரத்தில் மட்டும் வெட்டுகிறது, நீண்ட தூரத்தில் ஒழுங்காக இருக்கிறது என்றால் கிளா. மூன்று பிடிகளிலும் வெட்டு தொடர்ந்தால்தான் ஆர்ம்லாக்கோ நீளப் பட்டரோ.

நீண்ட பட்டுகளில் மட்டும் அடிக்கடி மூன்று பட் ஆகிறது, குட்டை பட்டுகள் விழுகின்றன என்பவர் பிடியைத் தொடவே வேண்டாம். ஆறு, ஒன்பது, பன்னிரண்டு மீட்டர் தூரங்களில் மாறி மாறி அடித்து வேகத்தைப் பழகுவதே போதும்.

புதுப் பிடி முதல் சில நாட்கள் எப்போதும் அற்புதமாக இருக்கும். கவனம் முழுக்கக் கையில் இருப்பதால் குழியைப் பற்றிய பயம் மறந்துபோகும். அதை நம்பி ஒரே மாலையில் முடிவெடுக்காதீர்கள். அதேபோல் இரண்டரை மீட்டர் பட் ஒன்று தவறியதற்காகப் பிடியைக் கைவிடாதீர்கள். பிஜிஏ டூரில் ஆடுபவர்களே எட்டு அடி தூரத்திலிருந்து ஏறக்குறைய பாதியைத்தான் போடுகிறார்கள். டீ வாசல் சோதனையை வாரம் ஒருமுறை செய்து எண்ணிக்கையைக் குறித்துவையுங்கள். உணர்வைவிட அந்தக் குறிப்பை நம்பலாம். பிடி மாறினால் தோள் மாறும், தோள் மாறினால் கண் பார்க்கும் கோடும் மாறும் என்பதால் குறிபார்க்கும் திசையையும் புதிதாகச் சரிபார்க்க வேண்டும். இதை விட்டுவிட்டு "இடக்கைப் பிடியில் எல்லாம் வலப்பக்கம் போகிறது" என்று புலம்புபவர்கள் நிறையப் பேர்.

கிரிப்பின் தடிமனை ஒரு தனி முடிவாக எடுங்கள். தடித்த கிரிப் விரல்களை அடக்கும், தூர உணர்வையும் சேர்த்து மழுக்கும். பிடியையும் கிரிப்பையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது என்று ஒருபோதும் தெரியாது.

இரண்டு பிடிகளைக் கலந்து ஆடுவதை எந்த விதியும் தடுக்கவில்லை. ஷெஃப்லரைப் போலக் குட்டை பட்டுக்கு ஒன்று, நீண்ட பட்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். கிளா பிடியின் தூரக் குறைக்கு இதைவிட எளிய மருந்து இல்லை. ஆனால் எல்லையை முன்கூட்டியே தீர்மானித்திருக்க வேண்டும். ஆறு மீட்டர் என்று வைத்தால் ஆறு மீட்டர்தான். பந்துக்குப் பின்னால் நின்று சரிவைப் பார்க்கும்போதே எந்தப் பிடி என்பது முடிவாகியிருக்கட்டும். பந்துமேல் குனிந்து நின்ற பிறகு விரல்களை மாற்றிக்கொண்டிருந்தால் பின்வாங்கி வந்து முதலிலிருந்து தொடங்குங்கள்.